பிரவுனிக்குக் கொடுத்த கோட்டு

கொட்டகைக் கதவின் முன் பாதிரியார் க்ரைட்டன் வெறும் சட்டையோடு நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரில்தான் நடுங்குகிறேன், பயத்தில் அல்ல என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டார்.

அவருக்குப் பின்னால், பால் கறக்கும் எல்ஸ்பெத். உள்ளே அது இருக்கக் கூடாது, இருக்கவே கூடாது என்று மனதுக்குள் முணுமுணுத்தபடி.

அது என்றால் பிரவுனி. ஸ்காட்லாந்தில் எல்லாப் பண்ணைக்கும் வாய்த்துவிடாத குட்டிப் பூதம். யார் கண்ணிலும் படாமல் ராத்திரியில் ஓட்ஸ் கதிரை அடித்து வைக்கும். அதற்கு ஒரு கிண்ணம் பாலேடு போதும்.

எல்ஸ்பெத் இந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்த அதே வாரம்தான் அதுவும் வந்தது. ராசியான பெண் என்று பண்ணைக்காரர் மெச்சினார். பாவம், புருஷனைப் போரில் பறிகொடுத்தவளாம். ராஜாவை எதிர்த்துக் கிளம்பிய இளவரசர் பக்கம் நின்று தோற்றவர்களில் தப்பி ஓடியவர்களை ராஜாவின் சிப்பாய்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாதிரியார் தேடியது பூதத்தை விரட்டியவர் என்ற பெயரை.

உடுப்புக் கொடுத்தால் பிரவுனி போய்விடும். இது அங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். மூடநம்பிக்கை என்று பல ஞாயிறு அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர், ஜெபம் பலிக்காததும் அதையே கையில் எடுத்தார்.

"கந்தலைப் போட்டா கோவிச்சுக்கிட்டு இங்கயே தங்கிரும் ஐயா," என்று பணிவாக எடுத்துச் சொன்னவள் எல்ஸ்பெத். "மரியாதையான துணியா இருக்கணும். அதுக்கும் கௌரவம் உண்டுல்ல?"

அந்த வட்டாரத்தில் மரியாதையான துணி என்று இருந்தது பாதிரியாரின் தோளில்தான். நேற்றுச் சாயங்காலம் தன் கறுப்புக் கோட்டையும் அகலத் தொப்பியையும் வைக்கோலின் மேல் வைத்துவிட்டு, பண்ணைக்காரரின் ஆட்டுக்கறியைத் தின்று, அவர் கட்டிலிலேயே தூங்கினார்.

இப்போது கதவைத் தள்ளினார்.

வைக்கோல் அமுங்கியிருந்தது. கிண்ணம் காலி. கோட்டு இல்லை. தொப்பி இல்லை.

"ஒழிந்தது!" என்றார் பாதிரியார், பிரசங்கக் குரலில்.

எல்ஸ்பெத் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"அழாதம்மா. இனிமே கதிரை நாமளே அடிச்சுக்குவோம்," என்று பின்னாலேயே வந்து நின்ற பண்ணைக்காரர் தேற்றினார்.

அப்போதுதான் வாசலில் குதிரைகள் வந்து நின்றன. சிப்பாய்கள் இறங்கிக் கொட்டகைக்குள் நுழைந்து வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள். சார்ஜென்ட் பாதிரியாரைப் பார்த்ததும் தன் தொப்பியைக் கழற்றினார்.

"விடியக்காலம் பாலத்துக்கிட்ட நம்ம பசங்கள ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனீங்களே, ரொம்ப நன்றிங்கய்யா. பனியில முகமே தெரியல, கோட்டப் பாத்துதான் வழி விட்டோம். ஆமா, அந்தக் கோட்டு எங்க? இப்படி நடுங்குறீங்களே?"

எல்ஸ்பெத்துக்கு அழுகை நின்றது. மூச்சும்.

பாதிரியார் பாலத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் வந்த நன்றியைத் திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

"கடமைப்பா, கடமை," என்றார்.

கோட்டு விஷயம்தான் இடித்தது. ராஜாவின் சார்ஜென்ட்டிடம் போய், பூதத்துக்கு உடுத்தக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஒரு ஏழைக்குக் கொடுத்துட்டேன்."

சார்ஜென்ட் நெகிழ்ந்துபோனார். ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு, வந்த வழிக்கு நேர் எதிராக மலைப்பக்கம் போனார்.

அன்று காலை பாதிரியார் பேசியதிலேயே உண்மை, ஏழைக்குக் கொடுத்தேன் என்ற அந்த ஒன்றுதான். அது அவருக்கே தெரியாது.

எல்ஸ்பெத் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலிக் கிண்ணத்தை எடுத்தாள். பாதிரியார் ஒல்லி. அவள் புருஷன் ரோரிக்குத் தோள் அகலம். கப்பல் ஏறும்வரை அவன் இன்னொருவரை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்காமல் இருக்க வேண்டும். அக்குள் தையல் தாங்காது.