பொத்தானுக்கு ஒரு பொட்டு

வீட்டுக்கொரு அணுகுண்டு கொடுத்த பிறகு, எங்கள் அபார்ட்மென்டில் யாரும் அடுத்தவர் பார்க்கிங்கில் வண்டி நிறுத்துவதில்லை. ஆயுத பூஜையன்று என் மனைவி சுகுணா கிரைண்டர், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். அதே கையோடு குண்டின் சிவப்புப் பொத்தானிலும் நன்றாக அழுத்தி ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

"டம்மியைக் குடுத்து ஏமாத்திட்டாங்களா?" என்றாள்.

"வெளிய சொல்லிடாத. நாளைக்கே நம்ம இடத்துல எதிர் வீட்டுக் கார் நிக்கும்."

அப்போது எதிர் வீட்டு பத்மாவதி சுண்டலோடு வந்தார். முகம் வெளிறியிருந்தது, விரலில் குங்குமம். எங்கள் பொத்தானைப் பார்த்தார்.

"உங்களுதும் வெடிக்கலையா?"

சுகுணா அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசுங்கக்கா. மாடி வீட்டுக்காரங்க இன்னும் பயந்துக்கிட்டுதான் இருக்காங்க."