வைக்கோலில் வந்தவை

களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி அவர் மண்டியிட்டிருந்தார்.

பிடுங்கக் கை வரவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். சமாதான மாளிகையின் மேல்பாதி மூடுபனிக்குள் எங்கோ இருந்தது. இன்று திறப்பு விழா. இனிமேல் நாடுகள் வெட்டிக்கொண்டு சாகாமல் இங்கே வந்து உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுமாம். அதற்காகக் கல்யாண வீட்டுக்கு அனுப்புவதுபோல ஆளுக்கொரு சீர் அனுப்பியிருந்தன. சலவைக்கல், கம்பளம், கடிகாரம், ஆள் உயரப் பூச்சாடி.

சீரெல்லாம் உள்ளே போய்விட்டது. பெட்டிகளைப் பிரித்த இடத்தில் அந்தந்த நாட்டு வைக்கோல் சிந்திக் கிடந்தது.

மழை பெய்தது. முளைத்துவிட்டது.

பேர் தெரியாத புல். பேர் தெரியாத நீலப்பூ. நடுவே, ஒரு சாண் உயரத்துக்கு, நெல்.

சுமத்ராவின் புகையிலைத் தோட்டத்திலிருந்து துரையோடு கப்பலேறி இந்தக் குளிர் தேசத்துக்கு வந்த பிறகு அவர் நெற்பயிரைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த அன்று அழுதுவிட்டார்.

வண்டிகள் வருமுன் மண் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று தலைமைத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார்.

"இந்தக் குளுருல வேலையும் போச்சுன்னா எங்க போயி நிக்கிறது? பேசாம புடுங்கிப் போட்டுட்டு வாங்க." மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

பாதையில் சரளைக்கல் நெரிபட்டது.

விழாவுக்கு முன்னமே வந்துவிட்ட ஒரு பெரியவர், மார்பு கொள்ளாத மெடல்களோடு வந்து நின்றார். நீலப்பூவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அப்படியே குந்திவிட்டார்.

பின்னாலேயே வேறு நிறச் சீருடையில் இன்னொருவர். அவரும் குந்தி அதே பூவைத் தொட்டார். எங்கள் ஊர்ப் பூ என்று இருவரும் அவரவர் நெஞ்சைத் தட்டிக் காட்டிக்கொண்டார்கள். பாஷை தெரியாவிட்டாலும் களையெடுக்க வந்தவருக்கு இது புரிந்தது. சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள், அப்படி ஒரு சிரிப்பு.

சிரித்துக்கொண்டே ஒருவர் எழுந்து நகர்ந்தார். பூட்ஸ் நெல்லுக்கு மேலே வந்தது.

"காலு, தொரை! காலு!"

தமிழில்தான் கத்தினார். அந்த நேரத்துக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இன்னொருவரும் சட்டென்று எழுந்து தன் காலைத் தூக்கிக்கொண்டார்.

மூடுபனிக்குள் இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்கள்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிவந்த தலைமைத் தோட்டக்காரர் அந்த இருவரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, களைக்கொத்தை வாங்கிக்கொண்டு போனார். பாத்தி பிழைத்தது.

நெல் குளிரில் கதிர் விடவில்லை. நீலப்பூ விதை உதிர்த்தது.

மறு வருஷம் அதே மாதம் பாத்தி கொள்ளாமல் பூத்துக் கிடந்தது. மாளிகைக்கு ஒரு வண்டியும் வரவில்லை.

அந்த இரண்டு பெரியவர்களின் நாடுகளும் ஒன்றோடொன்று சண்டையில் இறங்கிவிட்டனவாம். அறுப்புக்கு நிற்கும் வயல்களை மிதித்துக்கொண்டு லட்சம் லட்சமாய்ப் பட்டாளம் போகிறதாம். தலைமைத் தோட்டக்காரர் பத்திரிகையைப் பார்த்துச் சொன்னார்.

கேட்டவர் பாத்தி ஓரம் மண்டியிட்டார். சாத்திக் கிடந்த கேட்டைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

"காலு, தொரை. காலு."