மணிக்கு நூற்று நாற்பத்து மூன்று

"சைலன்சரை மாத்தினா அந்த டியூனரும் போடணுமா, வேண்டாமா? சுத்தி வளைக்காம சொல்லுங்க தம்பி."

கேட்டவர் மாமனார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபத்தாறு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டியவர். கேள்வி மெக்கானிக்குக்கு; குத்தல் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளை போன மாதம்தான் தன் மோட்டார் சைக்கிளுக்குப் புது சைலன்சர் மாட்டியிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வரும். அது போதாதென்று டியூனர் வேறு என்று காதில் விழுந்ததும், இதை விடக் கூடாது என்று ஒர்க்ஷாப்புக்குக் கூடவே கிளம்பி வந்துவிட்டார். பெண்ணைக் கொடுத்தவர். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதானே இருக்க வேண்டியிருக்கிறது.

மெக்கானிக் நிதானமான ஆள். டியூனர் என்பது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னப் பெட்டி என்று விளக்கினார். புது சைலன்சரில் புகை சுலபமாக வெளியேறும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகாவிட்டால் எஞ்சின் சூடேறும். போகிறதா இல்லையா என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனால்தான் சைலன்சர் மாட்டிய அன்றே சீட்டுக்கு அடியில் ஒரு பதிவுக் கருவியை வைத்து அனுப்பியிருந்தார். ஒரு மாதமாக வண்டி போன வேகம், எஞ்சின் சூடு எல்லாம் தேதி, நேரத்தோடு அதில் ஏறியிருக்கும்.

கருவியை எடுத்து லேப்டாப்பில் செருகினார். திரையில் கோடுகள் ஓடின.

"டியூனர் தேவையே இல்ல சார். வண்டி அம்பது அறுபதைத் தாண்டவே இல்ல. அந்த வேகத்துக்குப் பெட்ரோல் சரியாப் போகுது."

மாமனாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கென்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர், இனி எதைச் சாக்கு வைத்துத் திட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் மெக்கானிக். "இது யார் ஓட்டினது?"

ஒரே ஒரு நாள். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணி. மற்ற நாளெல்லாம் பசு மாதிரி நடந்த கோடு அன்றைக்கு மட்டும் திரையின் உச்சியில் போய் முட்டியிருந்தது.

மணிக்கு நூற்று நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.

"இந்த வேகத்துல பெட்ரோல் பத்தல சார். எஞ்சின் கொதிச்சுப் போயிருக்கு. இப்படித்தான் ஓட்டுவேன்னா டியூனர் கண்டிப்பா வேணும். அன்னைக்கு இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா எஞ்சின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்னிருக்கும்."

"நின்னா?"

"வண்டி நிக்கும் சார். ஆள் நிக்க மாட்டாங்க."

மாமனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை திரையிலிருந்த தேதியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான்தான் மாமா."

அப்புறம் மாமனார் பேசியதையெல்லாம் எழுத முடியாது. கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசாதவர், பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி பேசித் தீர்த்தார். கொலைகாரன் என்றுகூடச் சொன்னார். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. திரையை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல், மகள் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார் மாமனார்.

மகள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"துணிமணியை எடுத்து வைம்மா. அந்த வண்டியை விக்கிற வரைக்கும் நீ இங்க இருக்கக் கூடாது. நம்ம வீட்டுக்குக் கிளம்பு."

மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, படத்தையும் நீட்டினார். மகள் தேதியைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து ஸ்விட்சை அணைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அவர் ஓட்டினதாவா சொன்னார்?"

"அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரும்மா."

"அந்த வாரம் பூரா அவர் ட்ரெயினிங்குக்கு வெளியூர் போயிருந்தாரேப்பா."

"அப்போ வண்டியை எடுத்தது யாரு?"

"எனக்குக் கியர் வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தது நீங்கதானேப்பா."

மாமனார் தேய்த்து மடித்த துணிகளின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பெற்ற மகள், நூற்று நாற்பத்து மூன்றில். மெக்கானிக் சொன்ன அந்தப் பின்சக்கரம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"எதுக்கும்மா? அப்படி என்ன தலை போற அவசரம் உனக்கு?"

"சொல்ல வேண்டாம், தெரிஞ்சா மாமா தாங்க மாட்டார்னு அவர்தான் சத்தியம் வாங்கினார்."

"சொல்லு."

மகள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல நீங்க போன் பண்ணீங்க. நெஞ்சு வலிக்குது, உடனே வான்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. என் ஸ்கூட்டர் பஞ்சர். இவர் வண்டியை எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டா உங்க நெஞ்சு இன்னும் படபடக்கும்னு ரெண்டு தெரு தள்ளியே நிறுத்திட்டு ஓடி வந்தேன். நான் வந்தப்போ, ஒண்ணுமில்ல, வெறும் வாய்வுன்னு சோடா குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவள் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு கிலோமீட்டரைப் பதினோரே நிமிஷத்துல வந்துட்டா என் பொண்ணுன்னு தெரு பூரா சொல்லிப் பெருமைப்பட்டீங்களேப்பா. அது எப்படி முடிஞ்சதுன்னு ஒரு தடவைகூட யோசிக்கலையா நீங்க?"