கூப்பிட வேண்டிய ஆளு

ஏலாக்குறிச்சி பெனடிக்ட் பெரம்பலூர்ல ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனில வேலை பாக்குறான். எந்த இன்டர்நெட் அட்ரஸ் எந்தக் கம்பெனி கையில இருக்குன்னு பதிஞ்சு வைக்கிற ஆபீஸ் ஒண்ணு உண்டு. ஏதாச்சும் தப்புத்தண்டா நடந்தா கூப்பிடறதுக்குக் கம்பெனி ஆளு ஒருத்தர் பேரும் நம்பரும் அதுல இருக்கணும்.

"எவன் பேரையாச்சும் போடுப்பா. நமக்கு போன் வரக்கூடாது"ன்னாரு மொதலாளி.

பெனடிக்ட்டுக்கு செத்துப்போன அப்பா பேருதான் சட்டுனு வந்துச்சு. ஆரோக்கியசெல்வம்னு போட்டு, அவரோட பழைய நம்பரையும் போட்டான். ஒருவாட்டி அடிச்சுப் பாத்தான். உபயோகத்துல இல்லைன்னுச்சு.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில மெழுகுவத்தி ஏத்த வரியாடான்னு அன்னைக்கு ஊர்லேருந்து அம்மா போன்ல கேட்டுச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு, லீவு இல்லம்மான்னுட்டான்.

மறுவாரம் பதிவு ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு.

"சரிபாத்தாச்சு சார். ஆரோக்கியசெல்வம் சார்கிட்ட பேசிட்டேன்."

"எந்த நம்பர்லங்க?"

"நீங்க குடுத்ததுலதான். விவரமெல்லாம் சரியான்னு கேட்டேன். யாரு எழுதிக் குடுத்தான்னாரு. உங்க பேரைச் சொன்னேன்."



அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. "உங்கப்பாவா சார்? 'எம்புள்ள எழுதுனா பொய் இருக்காதும்மா, அப்படியே வச்சுக்க'ன்னாரு."