பல்லுப் படிப்பு

"பல்லு விளக்கப் படிக்கதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமாவே?"

1919-ஆம் வருஷம் பாளையங்கோட்டையில் நேசையா வாத்தியாரைப் பார்த்தவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்டார்கள்.

அவருடைய தாயில்லாத ஒரே மகள் யூனிஸ், மிஷன் துரைசானி ஒருத்திக்குத் துணையாகக் கப்பல் ஏறியவள். நியூயார்க்கில் ஒரு சர்வகலாசாலையில் பெண்களுக்கென்று புதிதாக ஒரு படிப்பு ஆரம்பித்திருந்தார்கள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கவும், ஈறைப் பேணவும், வாயைப் பார்த்துக் கோளாறு சொல்லவும் அங்கே படித்தாள். ஜெர்மன் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஒரு சர்ட்டிபிகேட்டோடு ஊர் வந்து சேர்ந்தாள்.

வேலைதான் கிடைக்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல படிப்புதான். ஆனா இந்தப் பேர்ல இங்க ஒரு உத்தியோகமும் கிடையாதே. நர்ஸ் வேலைக்கு வாறியா?"

பள்ளிக்கூடத்தில் கேட்டால் தையல் சொல்லிக் கொடுக்க வரச் சொன்னார்கள். வாயைக் காட்டவோ ஊரில் ஒருவரும் வரவில்லை. வேப்பங்குச்சி செய்யாததையா இவள் செய்துவிடப் போகிறாள் என்று சிரித்தார்கள்.

"போதும்ட்டி. கலியாணத்த முடிச்சிட்டு ஒரு வீட்ல இரு," என்றார் நேசையா.

சாத்தான்குளத்துச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை அப்பாத்துரை, கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. கோயில் பாட்டுக் குழுவில் யூனிஸைப் பார்த்துவிட்டு, அவனே தாயிடம் சொல்லி ஏற்பாடு செய்தது. யூனிஸும் அவனைப் பார்த்திருந்தாள். முதல் தடவையாக அவள் அப்பாவிடம் மறுத்துப் பேசவில்லை.

பெண் பார்க்க அப்பாத்துரையும் அவன் தாய் ஞானசௌந்தரியும் வந்தார்கள். கூடவே ஞானசிகாமணி என்ற பெரியவரும் வந்தார். அப்பாத்துரையின் தங்கையை அடுத்த மாதம் மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர்.

ஞானசௌந்தரி கலகலப்பானவள். கன்னத்தில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பாள். காப்பி குடித்து முடித்ததும் ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாட்டி. சீமைப் படிப்ப நாங்களும் பாக்கோம். என் வாயப் பாத்துச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். யூனிஸும் சிரித்துக்கொண்டே சின்னக் கண்ணாடியை எடுத்து வந்தாள். மேல் பல், கீழ்ப் பல் பார்த்தாள். கன்னத்தை விரலால் ஒதுக்கி உள்ளே பார்த்தாள். மறுபடியும் அதே இடத்தைப் பார்த்தாள்.

நேரம் போயிற்று. சிரிப்பு அடங்கியது.

"என்னம்மா இவ்வளவு நேரமாப் பாக்கே? ஏதும் இருக்கா?" என்று ஞானசிகாமணி எழுந்து பக்கத்தில் வந்தார்.

யூனிஸ் கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. அத்தை பல்லே விளக்குறது கிடையாது போல. நாத்தம் தாங்கல."

ஞானசௌந்தரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாத்துரை யூனிஸை ஒரு தரம் பார்த்தான். பிறகு தாயின் கையைப் பிடித்து எழுப்பினான்.

அவர்கள் போன பிறகு நேசையா கதவைச் சாத்திவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் கிறுக்காட்டி? தாய் வயசுள்ளவள நாலு பேருக்கு முன்னால இப்படியா பேசுவ? நாளைக்கே போய் மன்னிப்புக் கேளு."

"போறேன்ப்பா."

மறுநாள் விடிந்ததும், அவர்கள் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டுக்குத் தனியாகப் போனாள். திரும்பி வர மதியம் ஆகிவிட்டது.

"என்ன சொன்னாவ?"

"மன்னிச்சிட்டாவப்பா. ஆனா சம்பந்தம் நடக்காது."

நடக்கவில்லை. அப்பாத்துரை அந்தக் கோபத்திலேயே தூத்துக்குடியில் பெண் பேசி முடித்துக்கொண்டான். திமிர் பிடித்தவள் என்ற பேர் யூனிஸுக்கு நிலைத்தது. வேறு சம்பந்தம் எதுவும் வரவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. டாக்டரம்மா ஆள் அனுப்பி, ஆஸ்பத்திரியில் ஒரு அறையும் நாற்காலியும் யூனிஸுக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். சம்பளமும் உண்டு. வெள்ளைக்காரியைக் காக்கா பிடித்து வாங்கிய வேலை என்றது ஊர். இந்த வாய்க்கு வேலை கிடைத்ததே பெரிசு என்று நேசையாவும் நினைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் நல்ல மழை. குடை கொண்டு போகாத மகளைக் கூட்டி வர நேசையா ஆஸ்பத்திரிக்குப் போனார். அறையில் யூனிஸ் இல்லை. அந்த நாற்காலியில் ஞானசௌந்தரி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் ஒடுங்கிப் போயிருந்தது.

நேசையா பதறிப்போய்க் கை கூப்பினார்.

"அன்னைக்கு எம்மவ பேசினத மனசுல வச்சுக்கிடாதீய."

"நீங்க கும்பிடாதீங்க அண்ணாச்சி." அவளுக்குப் பேச்சு குழறியது. பைய நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "என் கன்னத்துல புத்து முளைச்சிருந்தது. மறுநா காலைல ஒங்க மவதான் வந்து சொல்லி, கையோட இங்கன கூட்டிட்டு வந்தா. முளையிலயே பாத்ததால டாக்டரம்மா அறுத்து எடுத்துட்டாவ. தானா இருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்னு டாக்டரம்மாவே சொல்லித்தான் ஒங்க மவளுக்கு இந்த நாற்காலியப் போட்டாவ."

நேசையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எதுக்கு அந்தப் பேச்சு?"

"பக்கத்துல எங்க சம்பந்தி நின்னாரே அண்ணாச்சி. அவ்வளவு நேரம் பாத்துட்டு வெறுமன ஒண்ணுமில்லன்னா நம்புவாரா? புத்துள்ள குடும்பம்னு எம்மவ கலியாணம் நின்னுருக்கும். பல்லு புடுங்கினதுன்னு சொல்லி எம்மவன்ட்டயும் மறைச்சேன்; நான் உள்ளதச் சொல்லதுக்குள்ள அவன் தூத்துக்குடில முடிச்சிட்டான்." ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மவ தன் கலியாணத்த நிப்பாட்டிக்கிட்டா."