புகார் கொடுத்த வீடு

சைவ உணவுக்காரர்களுக்கு மட்டுமான குடியிருப்பு அது. குடியிருப்போர் சங்க அறையில், வாசனை எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று கணக்கிடும் இயந்திரத்தின் திரையில், தாழ்வாரமெங்கும் பரவியிருந்த வாசனைத் துகள்கள் சிவப்புப் புள்ளிகளாகப் பின்னோக்கி ஓடி, ஜெசிந்தாவின் அடுப்படியில் போய்க் குவிந்தன.

“கருவாடு. பதினஞ்சு நாள்ல காலி பண்ணிடுங்க” என்றார் செயலாளர்.

“இன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல சார். எதிர் வீட்டுக்குக் கணக்குப் போட்டீங்களா?”

“புகார் குடுத்த வீட்டைக் கணக்குல சேர்க்க மாட்டோம்மா. அதான் விதி.”

ஜெசிந்தா திரும்பி எதிர் வீட்டு வத்சலாவைப் பார்த்தாள். ‘ஒரே ஒரு தடவை சாப்பிட்டுப் பாக்கணும்க்கா’ என்று அவள் கெஞ்சியதால்தான் ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு வரவழைத்து, நேற்று டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள். வறுக்கும் பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“நீயே சொல்லு வத்சலா.”

“என்னத்தச் சொல்ல? காலையிலேருந்து குமட்டுது” என்று வத்சலா கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவுக்கு அந்தக் கையிலிருந்தே நெத்திலி வாசம் அடித்தது.

“சார், இவ கையை ஒரு தடவை மோந்து பாருங்க!”

செயலாளர் முகம் சுளித்தார். “மெஷினே சொல்லிடுச்சு. அதுக்கு மேல நான் வேற மோந்து பாக்கணுமா?”