வீட்டு ஆட்கள் மட்டும்

"உங்க வீட்டுக்குள்ள ஏழு பேர் வந்து போயிட்டிருக்காங்க சார்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். சுங்க இலாகாவில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணில் படாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டியதில்லை என்று பெயர்.

"நாங்க மூணே பேர். நான், என் சம்சாரம், என் பொண்ணு. மத்த நாலு பேர் யாரு?"

"ஆளுங்க இல்ல சார். உங்க வைஃபையில சேர்ந்திருக்கிற போன், டிவி இதெல்லாம்," என்றார் ரௌட்டர் சரிபார்க்க வந்தவர். கூடத்துத் தரையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். வருகிறவர்கள் போனைத் திறந்தால் முதலில் தெரிவது வீட்டு வைஃபையின் பெயர். அதற்கு மச்சான் விளையாட்டாக 'கேட்டாலும் தரமாட்டேன்' என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படியொரு பெயரைத் தெருவே படித்துக்கொண்டிருந்தது என்பது பெரியவருக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

"குடும்பப் பேரைப் போடுங்க. பட்டத்தோட."

"அவ்வளவு நீளம் இடம் கொடுக்காது சார். பட்டத்தை எடுத்துடலாமா?"

"பட்டத்தை எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு? இனிஷியலை எடுங்க."

பெயர் மாறியது; பாஸ்வேர்டு பழையதே இருந்தது. அடுத்தது ஆட்களை வெளியேற்றும் வேலை.

"இது ஒரு பெரிய டிவி சார்."

"எங்க வீட்டு டிவி பழசு. அதுல இந்த வசதியெல்லாம் கிடையாது."

"அப்ப பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்."

"வக்கீல் வீடு! தினமும் காலையில கும்பிடு போடுறாரே, இதுக்குத்தானா? எடுத்து வெளியே போடுங்க."

வக்கீலின் டிவி போயிற்று. பின்னாலேயே அவருடைய போனும் போயிற்று. மச்சானின் போனும் தப்பவில்லை.

"கடைசியா ஒரு போன் இருக்கு சார். இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை மதியம் வந்து, சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கு."

பெரியவரின் புருவம் ஏறியது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மகள் சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"அது என் ஆபீஸ் போன்ப்பா."

"ஞாயித்துக்கிழமையுமா வேலை வாங்குறாங்க?"

"அவசர வேலைப்பா. முடிக்கச் சாயங்காலம் ஆயிடுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரும் மனைவியும் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். விடுமுறை நாளில் பெண் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாளே என்று அவருக்கு மனம் இளகியது.

"அதையும் வீட்டுக் கணக்குல சேர்த்துக்குங்க. மூணு போன், இந்த ஆபீஸ் போன். வேற எதுவும் உள்ளே வரக் கூடாது."

"பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் வர முடியாது சார். இந்த நாலு போனை மட்டும்தான் அது சேர்த்துக்கும்."

"அதுதான் ஒழுங்கு."

ஒழுங்கு விஷயத்தில் பெரியவர் யார் எவர் என்று பார்த்ததில்லை. விரும்பிக் கல்யாணம் செய்துகொண்ட தங்கையின் பெயரை இன்றுவரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. போன வருடம் வந்த நல்ல இடத்தையும், பையன் பெண்ணோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்று தெரிந்ததும், காபி ஆறுவதற்குள் அனுப்பிவைத்தார். இந்த வரன் தரகர் கொண்டுவந்தது. அதனாலேயே அவருக்குத் திருப்தி.

மாலையில் மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு வந்தார். பெரியவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். என் பொண்ணு உங்க பையனை இன்னிக்குத்தான் பார்க்கிறா. முன்னாடியே பார்த்துப் பேசிப் பழகினாங்கன்னு தெரிஞ்சா, எவ்வளவு பெரிய இடமா இருந்தாலும் எழுந்து போயிட்டே இருப்பேன்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன வேலையில இருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். அவரும் அதையே கேட்டார். அவளும் சொன்னாள். இருவரும் காட்டிய அடக்கம் பெரியவருக்குப் பிடித்துப்போயிற்று. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

"தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி, வெளிநாட்டுல இருக்கிற என் மூத்த பொண்ணும் மருமகளை ஒரு தடவை பார்த்துட்டா நல்லது," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை போனை எடுத்து விரலால் நாலைந்து தட்டு தட்டினார். திரையில் அக்காவின் முகம் வந்தது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பெண்ணை, பெண்ணின் அம்மாவை, கூடத்தை எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் காலண்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மாப்பிள்ளை, இந்த வீட்டுச் சுவருக்கு உள்ளே சிக்னல் நிக்காது, பாதியில அறுந்துடும். எங்க வைஃபையைக் கொடுக்கலாம்னா, இன்னிக்குக் காலையிலதான் அதைப் பூட்டி வெச்சேன். வீட்டு ஆளுங்க போனைத் தவிர ஈ காக்கா நுழைய முடியாது. நீங்க வாசல்ல நின்னு பேசிட்டு வாங்க."

அக்காவிடம் பேசும் மும்முரத்தில் மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம் மாமா, உங்க வைஃபையிலதான் பேசிட்டிருக்கேன்."